தன் கதவைத் தானே பூட்டிக்கொண்ட பள்ளிக் கடிகாரம்

செத்துப்போன சர்க்கிட் போர்ட்டுக்கும் பூட்டிக்கொண்ட போர்ட்டுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது என்று திருத்த வேலை பழகும் உங்களில் ஒருவர் போன கிழமை என்னிடம் கேட்டார். விரலை வைத்துப் பாருங்கள், செத்தது சுடும் அல்லது நாறும், பூட்டிக்கொண்டது குளிர்ந்து கிடக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது பாதிப் பதில். மீதியை எழுதுகிறேன். கண்ணில் புரை விழுந்து, வயதாகும் முன்னே வேலை மேசையை விட்டு எழும்பியவன் நான். மேசையில் இருந்த காலத்தில் கதைக்க நேரமில்லை. இப்போது கதைக்க மட்டுந்தான் நேரம்.

ஆனால் ஒன்று. இது பொறாமை பிடித்த ஒருவன் சொல்வது. பொறாமையைக் கழித்துவிட்டு இதைச் சொல்லிப் பார்த்தேன். கறியில் கரைந்த உப்பைத் திரும்ப எடுக்கப் போனது மாதிரி இருந்தது. அதனால் அதோடு சேர்த்தே தருகிறேன். கரிக்கும்.

எங்கள் பக்கத்தில் தங்கச்சி உள்ளவனுக்கு வீடு கட்டுவதுதான் முதல் வேலை. வீடு அவளுக்கு. அவள் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து குடியிருப்பான். நான் கட்டாரில் ஏசி மெஷின்களின் போர்ட்டுகளைத் திருத்திக் கல்முனையில் ஒரு வீட்டை எழுப்பினேன். லீவில் வந்த போதெல்லாம் சுவரைக் கொத்திக் குழாய் பதித்தேன், வயர் இழுத்தேன். எந்தச் சுவிட்சுக்குப் பின்னால் எந்த நிற வயர் ஓடுகிறது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த வீட்டுக்குச் சவளக்கடைப் பக்கத்து வயல்காரக் குடும்பத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தான். பெயர் அஸ்மீர். கையில் ஒரு லெப்டொப், முகத்தில் ஒரு சிரிப்பு. நான் பொருத்திய சுவிட்சைப் போட்டு, நான் தொங்கவிட்ட மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தான். மார்க்கப்படியும் ஊர் வழக்கப்படியும் அது அவன் உரிமை. அந்த உரிமைதான் எனக்குக் கரித்தது.

கட்டாரை விட்டு நான் ஊரோடு வந்தபோது அந்த வீட்டின் முன்னறையில் இருவருமாக ஒரு வேலைத்தளம் தொடங்கினோம். பள்ளிவாசல்களுக்குக் கடிகாரம் செய்தோம். நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான்: கறுப்புக் கண்ணாடி, அதில் சிவப்பு எண்கள், ஐந்து நேரத் தொழுகைக்கும் பாங்கு நேரம், தொழுகை தொடங்கும் இகாமத் நேரம், நோன்பு மாதத்தில் விடியுமுன் சாப்பிடும் சஹர் முடிகிற நேரமும் நோன்பு திறக்கிற நேரமும். போர்ட்டை வரைவதும் சாமான்களைப் பதிப்பதும் நான். அதற்குள் இருக்கும் மைக்ரோகொன்ட்ரோலருக்குப் புரோகிராம் எழுதுவது அவன். ஆக, என் வேலை கண்ணாடிக்குப் பின்னால், அவன் வேலை கண்ணாடிக்கு முன்னால். தொழ வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தது அவன் எண்களை. ஒருவரும் ஒருநாளும் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்து, அடடா, இந்தச் செப்புக் கோடுகள் எவ்வளவு அழகாக வளைகின்றன என்று சொன்னதில்லை. ஏன் சொல்லப்போகிறார்கள்? நான் மட்டும் சொல்லிக்கொண்டேன், போர்ட்டை வெயிலுக்குப் பிடித்து.

இனி அந்த மைக்ரோகொன்ட்ரோலர். கரண்ட் வந்த கணத்தில் விழித்து, தனக்கு எழுதிவைத்த முதல் வரியிலிருந்து செய்யத் தொடங்கும் சின்னச் சிப் அது. அந்த முதல் வரிகளில் அஸ்மீர் ஒரு சோதனை வைத்தான். உள்ளே இருக்கும் மணிக்கூடு நம்பக்கூடிய நேரத்தில் ஓடுகிறதா? ஆமென்றால் எண்களை ஏற்று. இல்லையென்றால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆழ்ந்து தூங்கு.

ஏன் அப்படி என்று எங்கள் பள்ளி மௌலவி ஒருநாள் கேட்டார்.

“பிழையான நேரத்தக் காட்டி, அதப் பாத்து ஒரு ஆள் நோன்பத் திறந்துட்டா அது ஆர்ட பொறுப்பு ஹஸ்ரத்? காட்டாம இரிக்கிறது நல்லம்தானே” என்றான் அஸ்மீர்.

“உங்கட புரோகிராமுக்கும் தக்வா இரிக்கு தம்பி” என்றார் மௌலவி.

தக்வா என்றால் இறையச்சம். ஊர் முழுக்க அந்தச் சொல் போயிற்று. மீன் சந்தையில் என்னிடமே ஒருவர் சொன்னார், “உங்கட மச்சான்ட மணிக்கூட்டுக்கு தக்வா இரிக்காமே!” எனக்குக் கையில் இருந்த பாரைக் குட்டி கனத்தது. என் சோல்டருக்கு ஏன் அந்தச் சொல் கிடைக்கவில்லை? ஒரு மூட்டு விட்டுப்போகாமல், ஒரு பொட்டுச் சிந்தாமல் நான் வைத்த ஈயத்துக்கு எந்த அச்சமும் இல்லையா?

அந்த வருட நோன்பில், ஒருநாள் பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு, கடற்கரைப் பக்கத்துப் பெரிய பள்ளியின் தலைவர் ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் தலையணை உறையில் சுற்றிய கடிகாரம். சவத்தைக் கிடத்துவது மாதிரி மேசையில் கிடத்தினார்.

“மையத்தக் கொண்டு வந்திரிக்கன்” என்றார். “குளிப்பாட்டி அடக்கிறதா, எழுப்பிறதா, நீங்களே சொல்லுங்க.”

நடந்தது இதுதான். உள்ளே நேரத்தைக் காப்பாற்றும் பொத்தான் பெட்டரி பலவீனமாகியிருந்தது. பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் கவனமான மனிதர். கரண்டோடு கை வைக்கக்கூடாது என்று மெயினை அணைத்துவிட்டு, பழைய பெட்டரியைக் கழற்றிப் புதியதைப் போட்டார். மெயினைப் போட்டார். கடிகாரம் கறுப்பாகவே கிடந்தது. பொத்தான்களை அமத்திப் பார்த்தார். கறுப்பு.

“கொழும்பு ஆள் ஒருத்தன் நேத்து வந்து புதுச் சாமான்ட படமெல்லாம் காட்டிட்டுப் போயிரிக்கான்” என்றார் தலைவர். “நோன்பு திறக்கிறத்துக்கு முந்தி இது எரிஞ்சா இது உங்கட. எரியாட்டி நான் அவனுக்குக் கோல் எடுக்கிறன். என்னக் குறை நினைக்காதீங்க. ஊர் கேக்குது.”

அவர் சொல்லாமல் விட்டது எங்களுக்குத் தெரியும். பெரிய பள்ளி மாறினால் மற்றப் பள்ளிகள் எல்லாம் மாறும். அந்த முன்னறை வருமானத்தில்தான் என் தங்கச்சி வீட்டு அடுப்பு எரிந்தது. அதோடு, அந்த வருடம் சிப் கிடைக்கவில்லை. சாமான் வருவது நின்றுபோயிருந்தது. எங்கள் மேசை லாச்சியைத் தலைகீழாகக் கொட்டினாலும் இன்னொரு மைக்ரோகொன்ட்ரோலர் விழாது. இந்தச் சிப்பையே எழுப்ப வேண்டும், வேறு வழி இல்லை.

அஸ்மீர் புரோகிராமரை மாட்டினான். லெப்டொப்புக்கும் சிப்புக்கும் நடுவில் பேச்சு நடத்தும் சிறு கருவி அது. பேச்சு நடக்கவில்லை. எதிர்ப்பக்கம் பதிலில்லை என்று திரை சொன்னது. கம்பியை மாற்றி மாட்டினான். பதிலில்லை. நான் விரலை வைத்துப் பார்த்தேன். சிப் குளிர்ந்து கிடந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன், வர வேண்டிய இடத்துக்கெல்லாம் வர வேண்டிய கரண்ட் வந்தது. என் பக்கம் சுத்தம். அந்தச் சந்தோசத்தை நான் முகத்தில் காட்டவில்லை என்று நினைக்கிறேன்.

“என்ட பக்கம் ஒரு பிழையுமில்ல” என்றேன்.

“தெரியும் மச்சான்” என்றான். தன் புரோகிராமின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து வாசித்தான். பிறகு வாசிப்பதை நிறுத்தினான்.

“நான்தான் பூட்டிரிக்கன்.”

கதை சின்னது. பெட்டரியும் மெயினும் ஒரே நேரத்தில் போனதால் மணிக்கூடு நேரத்தை மறந்துவிட்டது. சிப் விழிக்கிறது, நேரத்தை நம்ப முடியாது என்று காண்கிறது, தூங்கிவிடுகிறது. நேரத்தைச் சரிசெய்யும் பொத்தான்களைக் கவனிக்கும் வரிகள் அந்தச் சோதனைக்குப் பின்னால் இருக்கின்றன. அங்கே அது போவதே இல்லை. புரோகிராமரோடு பேசும் தன் உலோகக் கால்களையும் அதே தூக்கத்தில் மூடிவிடுகிறது. நேரம் தெரிந்தால்தான் கதவு திறக்கும், கதவு திறந்தால்தான் நேரத்தைச் சொல்லலாம்.

இது எப்படி எங்கள் மேசையில் தெரியாமல் போனது? பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நாங்கள் ஒவ்வொரு போர்ட்டுக்கும் முதலில் ஒரு சோதனைப் புரோகிராமை ஏற்றி நேரத்தை வைப்போம். நேரம் பிழையாகிவிடக்கூடாது என்ற பயத்தில் பெட்டரியைக் கழற்றவே மாட்டோம். அதன்மேல்தான் உண்மையான புரோகிராமை ஏற்றுவோம். அதனால் அஸ்மீரின் புரோகிராம் நேரம் தெரியாத மணிக்கூட்டை ஒருநாளும் சந்தித்ததில்லை. சுகமாகப் பிறந்த பிள்ளைகளை மட்டும் பார்த்த டொக்டர் மாதிரி நாங்கள் இருந்தோம். உங்கள் போர்ட்டை ஒருமுறையாவது கொன்றுவிட்டு எழுப்பிப் பாருங்கள். விற்பதற்கு முந்தி.

“நான்தான் பூட்டிரிக்கன்” என்று அவன் சொன்ன விதத்தைச் சொல்ல வேண்டும். தலைவர் அங்கேயே கதிரையில் உட்கார்ந்திருந்தார். குரலைத் தாழ்த்தவில்லை, என்னைப் பார்க்கவில்லை, மோதினார் மேல் போடவில்லை. மேசையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைப்பது மாதிரி அந்த வாக்கியத்தை வைத்தான். எனக்கு அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரியாது. அதிலும் எனக்குப் பொறாமை வந்தது.

முதலில் நேரான வழியைப் பார்த்தோம். ரீசெட் பொத்தானை அமத்திப் பிடித்தால் சிப் விழிக்காது. விடும் கணத்தில் விழிக்கும். விழித்துத் தூங்கப் போகிற அந்த இடைவெளிக்குள் புரோகிராமர் உள்ளே புகுந்துவிட்டால் போதும். நல்ல புரோகிராமரில் இதற்கென்றே ஒரு கம்பி இருக்கும். எங்களுடையது மலிவானது, கம்பி இல்லை. கையால் செய்ய வேண்டும். நான் ரீசெட்டில் விரலை வைத்தேன். அவன் லெப்டொப்பில்.

“இப்ப!”

விட்டேன். பதிலில்லை.

“கொஞ்சம் முந்தி உட்டுட்டீங்க மச்சான்.”

“நீ கொஞ்சம் பிந்திச் சொல்லிட்டாய்.”

மறுபடியும். மறுபடியும். நோன்பு வயிறு, மேலே சுற்றுகிற மின்விசிறி. எத்தனை தரம் செய்தோம் என்று எண்ணவில்லை. அவன் எழுதிய அந்தச் சோதனை அவ்வளவு குறுகலானது, அவ்வளவு சுத்தமானது. ஒரு வரிகூட வீணில்லை. என் விரலின் தோல் பொத்தானை விட்டுப் பிரிகிற நேரத்துக்குள் அது விழித்து, பார்த்து, தீர்மானித்து, கதவைச் சாத்திவிட்டது. நான் வேறு யாருடைய வேலைக்கும் எதிராக அப்படித் தோற்றதில்லை. தோற்கத் தோற்க எனக்குத் தெரிந்தது, இவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று. ஒருவனுடைய திறமையை அவன் நன்றாகச் செய்ததில் பார்ப்பது ஒன்று. அவன் பிழையாகச் செய்ததில் பார்க்கும்போதுதான் வயிறு எரியும்.

தலைவர் கொட்டாவி விட்டார். “அந்தப் பொத்தான் பாவம்டா” என்றார்.

உள்ளறைத் திரைக்குப் பின்னால் கஞ்சிக்குத் தேங்காய்ப் பால் விட்ட வாசம் வந்தது. அதோடு, அண்ணனான என்னைக் கூப்பிடும் என் தங்கச்சியின் குரலும். “காக்கா, சரி வருதா?”

“உன்ட மாப்புள்ளட வேலகா. லேசில திறபடுமா?” என்றேன்.

“அப்ப நீங்க என்னத்துக்கு இரிக்கீங்க? ரெண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கிட்டு இரிக்கிறத உட்டுட்டு, சேந்து செஞ்சா என்ன, ஹராமா?”

தலைவர் சிரித்தார். அஸ்மீரும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் என் நாக்கில் ஒரு விசயம் இருந்தது.

அந்த வகைச் சிப்பில் ஒரு கால் உண்டு. விழித்தவுடன் சிப் முதலில் அந்தக் காலைத்தான் பார்க்கும். கீழே இழுபட்டிருந்தால் நாம் எழுதிய புரோகிராமுக்குப் போகும். மேலே தூக்கியிருந்தால் நம்முடையதைத் தொடாது, சிப்பைச் செய்தவர்கள் உள்ளே நிரந்தரமாக வைத்த ஒரு சிறு புரோகிராமுக்குப் போகும். அதை யாராலும் அழிக்க முடியாது. அங்கே அஸ்மீரின் சோதனை இல்லை, தூக்கமும் இல்லை. புரோகிராமர் தாராளமாகப் பேசலாம். பலர் அந்தக் காலை நேராகத் தரைக்கோட்டோடு ஒட்டிவிடுவார்கள், பிறகு தூக்கவே முடியாது. நான் நடுவில் ஒரு ரெசிஸ்டரை வைத்திருந்தேன். தரைக்கு இழுக்கும், ஆனால் வெளியிலிருந்து கரண்டைக் கொடுத்தால் விட்டுக்கொடுக்கும்.

ஞானத்தால் வைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். போர்ட்டை வரைந்தபோது அஸ்மீர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “இது என்னத்துக்கு மச்சான்? நேரா கிரவுண்டுக்குக் குடுங்களன், ஒரு சாமான் மிச்சம்” என்று சொன்னான். வேறு யார் சொல்லியிருந்தாலும் எடுத்திருப்பேன். அவன் சொன்னதால் வைத்தேன். அவன் ஒலுவில் கம்பஸில் படித்தவன், நான் கட்டார் வெயிலில் படித்தவன் என்ற கடுப்பில் வைத்தேன். ஆகவே ஒரு வழியை விட்டுவையுங்கள் என்று உங்களுக்குச் சொல்லும்போது, அதற்கு நல்ல காரணந்தான் வேண்டும் என்று சொல்லமாட்டேன். கெட்ட காரணத்துக்காகவாவது விட்டுவையுங்கள்.

அந்த விசயத்தை நாக்கில் வைத்துக்கொண்டு நான் இன்னும் ஒரு தரம், ஒரே ஒரு தரம், அவன் தோற்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். அவன் லெப்டொப்பிலிருந்து கையை எடுத்தான். போர்ட்டைத் தன் பக்கம் திருப்பினான்.

“மச்சான், இது ஒரே வழிய நூறு தரம் செய்யிற வேல. வேற வழி பாப்பம்” என்றான். பிறகு, “அந்த ரெசிஸ்டர் இரிக்கல்லுவா? நான் வேணாமெண்டு சொன்ன ரெசிஸ்டர்?”

என் நாக்கிலிருந்து எடுத்துவிட்டான்.

அவனுக்கு ஞாபகம் இருந்தது. தான் பிழையாகச் சொன்னதைத் தானே நினைவில் வைத்திருந்தான். “இரிக்கு” என்றேன். குரல் எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது.

ரெசிஸ்டர் எள்ளளவு. அதன் ஒரு நுனியில் கரண்டைக் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கம் சறுக்கினால் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் சறுக்கினால் கரண்ட் நேராகத் தரைக்கு ஓடும், போர்ட் போய்விடும், இன்னொன்று இல்லை.

ஒரு கம்பியைச் சோல்டர் பண்ணிவிட்டால் பயமில்லை. ஆனால் நோன்பு வைத்துக்கொண்டு பகலில் எங்கள் மேசையில் சோல்டர் அயன் சூடாவதில்லை. ஈயத்தோடு உருகும் குங்கிலியத்தின் புகை தொண்டைக்குள் போகும். தெரிந்தே இழுத்தால் நோன்பு முறியும் என்பார் ஒருவர், முறியாது என்பார் ஒருவர். நாங்கள் அந்த வாதத்துக்கே போவதில்லை. அந்த மாதம் முழுக்கச் சோல்டர் வேலையெல்லாம் நோன்பு திறந்த பிறகுதான்.

அஸ்மீர் அயனைப் பார்த்தான். “கட்டாயமெண்டா போடுவமா மச்சான்?”

“வேணாம். நான் புடிக்கிறன்.”

“கை ஆடுதே.”

“ஆர்ட கை?”

அவன் அயனைத் தள்ளி வைத்தான். தங்கச்சி தன் தையல் ஊசி ஒன்றைத் திரைக்குள்ளால் நீட்டினாள். அதில் மெல்லிய வயரைச் சுற்றி, மறு நுனியைக் கரண்ட் வரும் இடத்தில் கொளுவினேன். முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றினேன். மூச்சை விட்டுவிட்டு நிறுத்தினேன். எங்கள் இரண்டு தலையும் முட்டிக்கொண்டிருந்தன. நோன்பாளியின் வாய் வாடை அவனுக்கும் எனக்கும் ஒன்றுதான்.

ஊசி நுனியை வைத்தேன். என் கோடு, என் ரெசிஸ்டர், என் ஊன்றிய முழங்கை. கொஞ்ச நேரத்துக்கு அந்த வீட்டில் எல்லாமே என்னுடையது.

“போடு” என்றேன்.

மெயினைப் போட்டான்.

திரையில் முதல் தடவையாக ஒரு பதில். சிப் தன் பெயரைச் சொன்னது. தலைவர் கதிரையை விட்டு எழும்பி வந்தார்.

“மச்சான், இப்ப கைய எடுக்கலாம்” என்றான் அஸ்மீர். “முழிக்கக்குள்ள மட்டுந்தான் அது பாக்கும்.”

எனக்கும் தெரியும். விழித்த பிறகு அந்தக் காலைச் சிப் திரும்பிப் பார்க்காது. ஆனாலும் நான் எடுக்கவில்லை. கையை எடுத்தால் மீதி முழுவதும் அவனுடையது.

எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரை கேட்டது. வேறு யாரும் நகல் எடுக்காதபடி நாங்கள் தனியாக இன்னொரு பூட்டும் போட்ட சிப் என்பதால், திறக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பது அனைத்தும் போகும். அஸ்மீரின் விரல் நின்றது. அவனுக்குப் பெரிய அவசரம் இருந்தது, நேரம் பின்னேர அஸர் தொழுகையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது, எதிரில் தலைவர் நின்றார். ஆனாலும் விரல் நின்றது. பிள்ளைகளே, அந்த நிறுத்தத்தைத்தான் நீங்கள் பழக வேண்டும். வழி திறந்த சந்தோசத்தில்தான் அதிகமான போர்ட்டுகள் பாழாகின்றன.

“தலைவர், இதுக்குள்ள நீங்களா மாத்தி வச்சது ஏதும் இரிக்கா?”

“இகாமத் நேரம் மட்டுந்தான். மௌலவி சொல்லி மோதினார் மாத்தினது.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“அஞ்சு நேரமும் போற மனிசனிட்ட கேக்கிற கேள்வியா இது?” என்று அவர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். மற்ற நேரங்களின் அட்டவணை லெப்டொப்பில் இருந்தது. அஸ்மீர் பிஸ்மி சொல்லி அழித்தான்.

பிறகு முதல் வரிகளைத் திருத்தி எழுதினான். விழித்தவுடன் சிப் எதையும் தீர்மானிக்காது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். நேரம் நம்பக்கூடியதாக இல்லாவிட்டால் தூங்காது, எண்களுக்குப் பதில் வெறும் கோடுகளைக் காட்டிப் பொத்தானுக்குக் காத்திருக்கும். பிழையான நேரத்தையும் காட்டாது, கதவையும் பூட்டாது.

“எவ்வளவு நேரம் சும்மா நிக்கட்டும் மச்சான்?” என்று கேட்டான்.

“ஒரு மனிசன் கம்பிய மாட்டிட்டு மூச்சு விட்ற நேரம்” என்றேன்.

அதைச் சிரிக்காமல் எழுதி, சிப்பில் ஏற்றினான். அப்போதுதான் நான் ஊசியைக் கீழே வைத்தேன். பிறகு பெட்டரியைக் கழற்றி, மெயினை அணைத்து, வேண்டுமென்றே கொன்று, மறுபடி எழுப்பினான். கோடுகள் வந்தன. நேரத்தை வைத்தான். எண்கள் வந்தன. மறுபடியும் கொன்றான். மறுபடியும் வந்தன. அப்போதுதான் நான் ஊசியைக் கீழே வைத்தேன்.

தலைவர் முன்னே ஓட்டோவில் போக, அஸ்மீர் பைக்கை ஓட்ட, நான் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தேன். பள்ளியில் கஞ்சி வாங்க வந்த பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். பாய் விரித்து, பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்து, ஆட்கள் வரிசையாக உட்காரத் தொடங்கியிருந்தார்கள். கடல் காற்று கதவுகளை ஆட்டியது. கடிகாரத்தை மாட்டி மெயினைப் போட்டோம். கோடு, கோடு, பிறகு எண்கள். வரிசையில் இருந்த எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

தலைவர் அஸ்மீரின் தோளில் தட்டினார். “மையத்த எழுப்பிட்டாய்டா மனே!”

“நானில்ல தலைவர்” என்றான் அஸ்மீர், எல்லாருக்கும் கேட்கும்படி. “பூட்டினது நான். திறந்தது மச்சான்ட கை. அவர்ட போர்ட்டும் அவர்ட கையும் இல்லாட்டி இண்டைக்கு இது எரிஞ்சிரிக்காது.”

வருடக்கணக்காக நான் காத்திருந்த வாக்கியம். பாயில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வேலை முதல் தடவையாக முன்னால் வந்தது. எனக்குக் காது சூடாகியது. தலைவர் என் பக்கம் சாய்ந்து, மனம் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்:

“பாத்தீங்களா, உங்கட மச்சானுக்கு என்ன பெருந்தன்மை! இந்தக் காலத்துல ஆர் இப்பிடிச் சொல்லுவான்?”

பாயில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பார்வைகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. கொழும்புக்காரனுக்குக் கோல் போகவில்லை. வேலைத்தளம் பிழைத்தது, தங்கச்சி வீட்டு அடுப்பும் பிழைத்தது. பாங்கு சொன்னார்கள், நான் தண்ணீரைக் குடித்தேன்.

அடுத்த நாளே மற்றப் பள்ளிகளுக்குப் புறப்பட்டோம். எல்லாக் கடிகாரங்களிலும் அதே பூட்டு இருந்தது. ஒவ்வொரு பெட்டரியாகச் சாவதற்கு முன் நாங்கள் போய்ச் சேர வேண்டும். சாய்ந்தமருது, மருதமுனை, சாகாமம் வரைக்கும் போனோம். அவன் லெப்டொப்பை வைத்திருப்பான், நான் ஏணியில் நிற்பேன். வேலை முடிந்ததும் ஒவ்வொரு பள்ளியிலும் அவன் அதையே சொன்னான்: பூட்டினது நான், திறந்தது மச்சான்ட கை. ஒவ்வொரு பள்ளியிலும் அவனுக்கு அதே பாராட்டுக் கிடைத்தது. அவன் தந்திரமாகச் சொல்லவில்லை. அது உண்மையாகவே அவன் குணம். தந்திரமாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்!

கடைசிப் பள்ளியில் நான் ஒரு யோசனையோடு ஏணியிலிருந்து இறங்கினேன். அந்தப் பெருந்தன்மை எனக்கும் வராதா? எண்கள் எரிந்தன. அஸ்மீர் வாயைத் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன். நெஞ்சில் கையை வைத்து, குரலைத் தாழ்த்தி, அந்தப் பள்ளியின் மௌலவியிடம் சொன்னேன்:

“ஹஸ்ரத், இதுல என்ட ஒண்டுமில்ல. எல்லாம் இவன்ட வேலதான்.”

மௌலவி என்னை அன்பாகப் பார்த்தார்.

“ஓம்” என்றார். “அது எங்களுக்குத் தெரியுந்தானே.”